ஊட்டி உயரத்தில் எலியின் இதயத்தில் திசு பேட்ச் சோதனை: மலைக்கேற்ப மாற்ற வேண்டியவை

மாரடைப்பில் செத்துப்போன தசையின் மேல் ஒட்டும் திசு பேட்ச்சை (லேப்பில் செல்களைக் கொண்டு வளர்த்த மெல்லிய திசுத் துண்டு) எலியில் சோதிக்க ஏராளமான செய்முறைகள் கிடைக்கின்றன. பெரும்பாலும் சமவெளி லேப்பில் எழுதியவை. ஊட்டி 2,240 மீட்டர்; காற்றழுத்தம் ஏறக்குறைய 580 மி.மீ. பாதரசம், கடலோரத்தில் 760. இந்த வித்தியாசம் இன்குபேட்டரில் ஆரம்பித்து எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) முடிவு வரைக்கும் ஆட்டிப் பார்க்கும்.

எலி என்றால் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் போதும். பன்றி, செம்மறிக்கு டெல்லியில் உள்ள சி.சி.எஸ்.இ.ஏ. (விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழு) வரை போகவேண்டும். ஒப்புதல் கைக்கு வராமல் ஒரு எலிகூட வாங்காதீர்கள்.

250 முதல் 300 கிராம் எடையுள்ள எலிகள் சரியாக இருக்கும். பேட்ச்சில் மனித செல் இருந்தால் எதிர்ப்புசக்தி குன்றிய நியூட் எலி வேண்டும், இல்லையேல் எதிர்ப்புசக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் உடம்பே பேட்ச்சைத் தின்றுவிடும், பழி பேட்ச் மேல் விழும். மேட்டுப்பாளையம் வழியாக மேலே வந்த எலியை மறுநாளே மேசையில் போடக்கூடாது. (வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் எடுத்தாச்சா என்று முதல்நாளே பாருங்கள், சோதனைச்சாவடியில் எலி காத்திருக்கக் கூடாது.) ஆக்ஸிஜன் குறைந்ததும் நுரையீரல் ரத்தக்குழாய் சுருங்கும், வலது கீழறை தடிக்கும், சிவப்பணு கூடும். குறைந்தது மூன்று வாரம் பழக விடுங்கள். ஷாம் எலியும் (நெஞ்சைத் திறந்து, தமனியைக் கட்டாமல் மூடும் ஒப்பீட்டு எலி) அதே தொகுதியில் வந்ததாக, அதே நாள்கள் மேலே இருந்ததாக இருக்கட்டும். சமவெளியில் எடுத்த எண்களை ஒப்பீட்டுக்கு வைக்கவே கூடாது.

அதிகம் சொதப்புவது இன்குபேட்டர்தான். 5 சதவீதக் கரியமில வாயு என்று வைத்தால் இங்கே அதன் பகுதியழுத்தம் (மொத்த அழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு) 27 மி.மீ.தான், கடல்மட்டத்தில் 36. மீடியத்தின் (செல் வளரும் சத்துத் திரவம்) பி.எச். 7.4-இலிருந்து 7.5-ஐத் தாண்டிவிடும், நிறம் சிவப்பிலிருந்து ரோஜா கலந்த ஊதாவுக்குப் போகும். கணக்குப்படி 6.7 சதவீதம் வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அதைத் திருகாதீர்கள். அகச்சிவப்பு சென்சார் உள்ள சில இன்குபேட்டர்கள் மூலக்கூறுகளின் எண்ணிக்கையையே படிக்கும். அழுத்தத் திருத்தம் இல்லாதவற்றில் 5 என்று காட்டும்போதே அளவு சரியாக இருக்கும், 6.7 வைத்தால் கூடிவிடும். ஓர் இரவு மீடியத்தை உள்ளே வைத்து, வெளியே எடுத்தவுடன் பி.எச். அளந்து முடிவெடுங்கள்.

கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவும் ஏமாற்றும். முள் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு காட்டும்போது உள்ளே 117 டிகிரிதான். 121 என்று வெப்பமானி சொல்லும்வரை விடுங்கள். அதற்கு 18 பவுண்டுக்கு மேல் தேவைப்படும், பாத்திரம் தாங்குமா என்று முன்பே பாருங்கள்.

பேட்ச்சுக்கு 8 மி.மீ. வளையத்தில் 25 மைக்ரோலிட்டர் ஃபைப்ரின் (ரத்த உறைவின் புரத இழை) கலவை ஊற்றினால் அரை மி.மீ. தடிமன் வரும். செல்கள் இழுத்துச் சுருக்கி இன்னும் மெலிதாக்கும். ஆக்ஸிஜன் பரவுவது 100, 200 மைக்ரான்தான், இங்கே காற்றிலேயே குறைவு. ஆகவே தடித்த பேட்ச் நடுவில் அழுகும். மீடியத்தில் மி.லி.க்கு 33 மைக்ரோகிராம் அப்ரோடினின் சேர்க்காவிட்டால் செல்களே ஃபைப்ரினைக் கரைத்துவிடும்.

அறுவைக்கு முன்பே வலிநிவாரணி புப்ரெனார்பின் கிலோவுக்கு 0.05 மி.கி. போடுங்கள். மயக்கமருந்தான ஐசோஃப்ளுரேனை ஆவியாக்கும் வேப்பரைசரின் டயலை உயரத்துக்காக மாற்றத் தேவையில்லை. சதவீதம் கூடினாலும் பகுதியழுத்தம் ஏறக்குறைய அதேதான். மூச்சுக்குழாயில் 16 கேஜ் குழாய், வென்டிலேட்டரில் நிமிடத்துக்கு 70 முதல் 80 மூச்சு, ஒரு மூச்சுக்கு 2 முதல் 2.5 மி.லி. நான்காவது விலா இடைவெளியில் திறந்து, இடது மேலறையின் (ஏட்ரியம்) நுனிக்கு 2 மி.மீ. கீழே 6-0 நூலால் இடது முன் இறங்கு தமனியைக் கட்டுங்கள். கட்டிய இடத்துக்குக் கீழே தசை வெளிறி, அசைவு தளர்ந்து நிற்கும். வெளிறவில்லை என்றால் கட்டு தமனியில் விழவில்லை. அடுத்த 20 நிமிடம் கீழறை நடுக்கம் வரலாம், ஈ.சி.ஜி.யை விட்டு நகராதீர்கள். பேட்ச் வைக்குமுன் மேற்பரப்பைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஈரத்தில் வைத்தால் அடுத்த துடிப்பிலேயே நழுவி நுரையீரலுக்குப் போய்விடும். ஓரத்தில் இரண்டு 7-0 தையல் போதும்.

மேசையில் தூய ஆக்ஸிஜனில் நன்றாக இருக்கும் எலி, அறைக்காற்றுக்கு மாறும்போது சுருண்டுவிடும். இரண்டு மணிநேரம் ஆக்ஸிஜன் பெட்டியில், 37 டிகிரி மெத்தையில் வையுங்கள். டிசம்பர் உறைபனியில் மெத்தையை முன்கூட்டியே சூடாக்கிவிட வேண்டும். இந்த அறுவையில் பத்துக்கு மூன்று வரை இறக்கும் என்று வைத்து எண்ணிக்கை போடுங்கள்.

நான்கு குழு வேண்டும்: ஷாம், கட்டு மட்டும், செல் இல்லாத பேட்ச், செல்லோடு பேட்ச். மூன்றாவதை விட்டால் பலன் செல்லாலா, வெறும் தாங்குதலாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 28-ஆம் நாள் எக்கோ எடுப்பவருக்குக் குழு தெரியக்கூடாது.

எலியில் தாளக்கோளாறு தெரியவில்லை என்றால் பேட்ச் பாதுகாப்பானது என்று எழுதாதீர்கள். நிமிடத்துக்கு 350 துடிக்கும் இதயத்தில் மனித செல்லின் தவறான துடிப்பு அமுங்கிப்போகும். ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு இப்படிப்பட்ட பேட்ச்சை மனிதருக்கு வைக்குமுன் ரீசஸ் குரங்கில் பார்த்தது, அந்த ஆய்வு 2025-இல் வெளியானது. வசதியிருந்தால் அடுத்து கினிப்பன்றிக்குப் போங்கள், அதன் துடிப்பு 200, 250 அளவில்தான்.