ஒட்டு நாக்கு வெட்டிய பிறகு தாய்ப்பால் கொடுப்பது எப்படி? முதல் நாளிலிருந்து

என் இரண்டாவது மகனுக்குப் பிறந்த ஒன்பதாம் நாள் நாக்குக்கு அடியில் இருந்த சவ்வை வெட்டினார்கள். அந்தச் சவ்வு நாக்கை அசையவிடாமல் கட்டிப் பிடித்திருப்பதைத்தான் ஒட்டு நாக்கு என்கிறோம். ஒரு துண்டில் இறுக்கிச் சுற்றி, நர்ஸ் தலையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் சின்னக் கத்தரியால் ஒரு வெட்டு. நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு மூன்று சொட்டு ரத்தம் வந்தது, உடனே என் மடியில் போட்டு "பால் கொடுங்கம்மா" என்றார்கள். அன்றைக்கே வலியில்லாமல் குடித்துவிடுவான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நடக்கவில்லை. சரியாகக் குடிக்கப் பழக மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நாக்கு ஒட்டியிருக்கும் எல்லாக் குழந்தைக்கும் வெட்ட வேண்டிய அவசியம் இல்லை. பால் நன்றாக இறங்குகிறது, எடை ஏறுகிறது, அம்மாவுக்கு வலி இல்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். இது வெட்டியே ஆக வேண்டியிருந்தவர்களுக்கு.

ஏன் உடனே சரியாவதில்லை?

பால் குடிக்கும்போது குழந்தையின் நாக்கு கீழ் ஈறைத் தாண்டி முன்னால் நீண்டு, ஒரு கிண்ணம் மாதிரி குழிந்து மார்பைத் தாங்க வேண்டும். கட்டுண்ட நாக்கால் அது முடியாது, அதனால் ஈறால் காம்பைக் கவ்விக் கடித்துத்தான் குடிக்கும். வயிற்றுக்குள் இருக்கும்போதே இப்படித்தான் சப்பிப் பழகியிருக்கும். சவ்வை வெட்டினால் நாக்குக்கு இடம் கிடைக்கும், பழக்கம் அதே நாளில் மாறாது. நாம்தான் ஒவ்வொரு முறையும் பொறுமையாக மாற்றிவிட வேண்டும்.

படி 1: வெட்டிய உடனே

அங்கேயே மார்பில் போடுங்கள். சப்பும்போது ரத்தம் நின்றுவிடும், குழந்தையின் வலிக்கும் ஆறுதல் தாய்ப்பால்தான். முதல் ஒன்றிரண்டு நாள் எச்சிலில் லேசாகச் சிவப்பு தெரியலாம். அடுத்த நாளிலிருந்து நாக்குக்கு அடியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் இருக்கும். நான் சீழ் என்று நினைத்து அழுதேவிட்டேன். அது சீழ் இல்லை, வாய்ப்புண் ஆறும் விதமே அதுதான், ஒன்றிரண்டு வாரத்தில் மறையும். சுரண்டாதீர்கள்.

பெரியவர்கள் வசம்பு இழைத்துத் தடவலாம், தேன் தொட்டு வைக்கலாம் என்பார்கள். நாக்கு நன்றாகப் புரளட்டும் என்ற பாசத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் பச்சைப் புண்ணில் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரைக்கும் கூடவே கூடாது. டாக்டர் சொல்லாமல் வலிக்கான சொட்டு மருந்தும் கொடுக்காதீர்கள். புண்ணை விரலால் இழுத்துவிடும் பயிற்சியைச் சிலர் சொல்வார்கள், அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2024 அறிக்கை அது வேண்டாம் என்கிறது. உங்கள் டாக்டரைக் கேட்காமல் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

படி 2: வாயில் வைக்கும் விதம்

இதில்தான் எல்லாமே இருக்கிறது, அவசரப்படாமல் படியுங்கள்.

பசித்து வீரிட்டு அழும்வரை காத்திருக்காதீர்கள். அழும் குழந்தையின் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அப்போது வைத்தால் மறுபடி பழைய கடிதான். கையைச் சப்பும்போதே, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடும்போதே எடுத்துவிடுங்கள். சட்டையைக் கழற்றி வெற்று நெஞ்சில் கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டால் அதுவாகவே வாயைத் திறக்கத் தொடங்கும்.

தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும், கழுத்து மட்டும் திரும்பியிருக்கக் கூடாது. பின்தலையை அழுத்தாமல் கழுத்துக்குக் கீழே, தோளைத் தாங்குங்கள். மூக்குக்கு நேராகக் காம்பு இருக்க வேண்டும், வாய்க்கு நேராக இல்லை. காம்பால் மேலுதட்டை மெல்ல வருடுங்கள். குழந்தை அண்ணாந்து கொட்டாவி விடுவதுபோல் பெரிதாக வாயைத் திறக்கும், அந்த ஒரு நொடிக்காகக் காத்திருங்கள், பாதித் திறப்பில் வைக்கவே வைக்காதீர்கள். திறந்ததும் குழந்தையை மார்புக்குக் கொண்டு வாருங்கள், நாம் குனிந்து திணிப்பதில்லை. முதலில் தாடை பட வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கரும்பகுதி கீழுதட்டுப் பக்கம் அதிகமாக உள்ளே போயிருக்க வேண்டும்.

சரியா தப்பா என்று கண்டுபிடிப்பது சுலபம். முதல் சில நொடி இழுப்பு தெரியலாம், அதற்குப் பிறகும் வலித்தால் தப்பு. 'டக் டக்' என்று நாக்கு சொடுக்கும் சத்தம் கேட்டாலும், கன்னம் குழிந்தாலும் தப்பு. குழந்தை வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள்: எனக்கு முதல் வாரம் முழுக்க லிப்ஸ்டிக் முனைபோல் ஒரு பக்கம் சாய்வாக நசுங்கி, நுனியில் வெள்ளைக் கோடு விழுந்து வரும். உருண்டையாக வெளியே வந்தால் நன்றாகக் குடித்திருக்கிறது என்று அர்த்தம்.

தப்பாக வைத்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். வெடுக்கென்று இழுக்கவும் வேண்டாம், சுண்டு விரலை வாயின் ஓரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி, எடுத்து, மறுபடி வையுங்கள். நான் ஒரே வேளையில் ஆறு ஏழு தடவை எடுத்து வைத்த நாள் உண்டு.

படி 3: வேகம் குறையும்போது

புது விதமாகச் சப்புவதால் நாக்கு சீக்கிரம் களைத்துவிடும், ஐந்து நிமிடத்தில் தூங்கிப் போகும். அப்போது மார்பை உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள், பால் பீறி வர, குழந்தை மறுபடி விழுங்கும். விழுங்குவது நின்றால் மறு பக்கம் மாற்றுங்கள். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை கொடுக்க வேண்டும், ராத்திரியும் சேர்த்துத்தான்.

படி 4: வலி தாங்காத நேரத்துக்கு

காம்பு வெடித்து, வைக்கவே பயமாக இருந்தால் ஒரு வேளை கையால் பீய்ச்சிப் பாலாடையிலோ ஸ்பூனிலோ கொடுங்கள். சங்கும் சரிதான், கொதிக்க வைத்து எடுத்ததாக இருக்கட்டும். குழந்தையை நிமிர்த்தி வைத்து, கீழுதட்டில் பாத்திர விளிம்பைத் தொட்டு, அதுவாக நக்கி எடுக்கவிடுங்கள், ஊற்றினால் புரையேறும். பாட்டிலை இந்த நாட்களில் தள்ளி வையுங்கள், மார்பில் பழகிக்கொண்டிருக்கும் குழந்தை குழம்பிவிடும். பால் கொடுத்து முடித்ததும் இரண்டு சொட்டுப் பாலைக் காம்பில் தடவிக் காற்றாட விட்டால் புண் ஆறும்.

படி 5: பால் பத்துகிறதா?

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "பால் பத்தலை போலிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நீங்கள் துணியை எண்ணுங்கள். ஐந்தாறு நாள் ஆன குழந்தை ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழிக்க வேண்டும், மஞ்சளாக மூன்று நான்கு முறை மலம் போக வேண்டும். பிறந்ததும் கொஞ்சம் குறையும் எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும், அப்புறம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நிம்மதியாக இருங்கள். வாரம் ஒரு முறை ஒரே தராசில் எடை பாருங்கள்.

ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும், தொடர்ந்து இரண்டு வேளை குடிக்க மறுத்தாலும், சிறுநீர் குறைந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

மூன்று வாரம் கழித்தும் வலி அப்படியே இருந்தால் மறுபடி டாக்டரிடம் போங்கள், சில குழந்தைகளுக்குச் சவ்வு திரும்ப ஒட்டிக்கொள்ளும். போகும்போது குழந்தை பசிக்கிற நேரமாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள். நாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு "நல்லா ஆறியிருக்கு" என்று அனுப்பினால் எழுந்து வந்துவிடாமல், அவர்கள் முன்னாலேயே ஒரு தடவை பால் கொடுத்துக் காட்டுங்கள்.