கண் எரிச்சலுக்குக் கண்ணாடி வாங்கும் முன் ஜன்னலைப் பாருங்கள்

கோயம்புத்தூர் கம்பெனி வேலையைப் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றதும், மேசையைத் தூக்கிக் கிழக்கு ஜன்னலுக்கு நேராகப் போட்டேன். பனைமரம் தெரியும், காற்றும் வரும் என்ற ஆசைதான். மார்கழி பிறந்ததும் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல். உடனே திரையின் நீல ஒளியைத் தடுக்குமாம் என்று ப்ளூ லைட் கண்ணாடி வாங்கினேன். தண்டச் செலவு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பும் சாதாரணக் கண்ணாடியைவிட அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது.

உண்மையான காரணம் நாம் கண் சிமிட்ட மறப்பது. சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை போல சிமிட்டுகிறோம், திரையில் மூழ்கினால் அது பாதிக்கும் கீழே போய்விடும், அதிலும் பல அரைகுறைச் சிமிட்டல், அதனால் கண்ணீர்ப் படலம் சீக்கிரம் காய்கிறது. இந்த லட்சணத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வறண்ட கிழக்குக் காற்றை நேராக முகத்தில் வாங்கினால் எப்படி இருக்கும்? மற்ற ஊர்க்காரர்களுக்கு ஏசியும் மேசை ஃபேனும் இதே வேலையைச் செய்யும்.

ஜன்னல் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சம் கண்ணைக் கூசும், நமக்குப் பின்னால் இருந்தால் திரையில் பளபளக்கும். பக்கவாட்டில் இருக்கட்டும். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் திரையை மட்டும் வெறித்துப் பார்ப்பதும் வேண்டாம்.

20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி 20 விநாடி பார்க்கச் சொல்வார்கள். சரி, நல்லதுதான். ஆனால் அந்த நேரத்தில் போனை எடுத்தால் என்ன ஓய்வு? கிட்டப் பார்வைக்காகச் சுருங்கிய தசை சுருங்கியபடியேதான் இருக்கும். பனையைப் பாருங்கள்.

சிவந்த கண்ணை வெளுப்பாக்கும் சொட்டு மருந்தை மெடிக்கலில் கேட்டு வாங்கி நாள் கணக்கில் விடாதீர்கள், நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். ஸ்டீராய்டு கலந்தது இன்னும் மோசம், டாக்டரிடம் கேட்காமல் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரலாம்.

அப்புறம், நாற்பது தாண்டியவர்களுக்கு ஒன்று. எங்கள் மாமா கம்ப்யூட்டர் முன்னால் எப்போதும் மோவாயைத் தூக்கிக்கொண்டுதான் உட்காருவார், திமிர் என்று நினைத்தோம். இரட்டைப் பவர் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பார்க்க அவருக்கு வேறு வழியில்லை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி இறக்கி, ஒரு கை தூரத்தில் வைத்தோம். அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடியும் போட்ட பிறகுதான் கழுத்து இறங்கியது.