எகிப்து போகிறவர்கள் வீட்டிலேயே செய்துவிடும் தவறுகள்

எகிப்து போய்வந்தவர்களிடம் கேட்டால் ஒட்டகக்காரர்களின் தொல்லை, வெயில், கூட்டம் என்று அங்கே பட்ட பாட்டைச் சொல்வார்கள். ஆனால் பயணத்தைக் கெடுக்கும் தவறுகளில் பெரும்பாலானவை விமானம் ஏறுவதற்கு முன்பே, எந்த ஊருக்கு எத்தனை நாள் என்று வீட்டில் உட்கார்ந்து பிரிக்கும்போதே நடந்துவிடுகின்றன. எனக்கும் அப்படித்தான் நடந்தது.

முதல் முறை அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். செங்கடல் ஓரத்து ஹுர்காதாவில் ஐந்து நாள் தங்குவதாகத் திட்டம். பழங்காலக் கோயில்களும் கல்லறைகளும் நிறைந்த நைல் கரை ஊரான லக்சரை ஒரே நாளில் பார்த்துவிட்டு இரவு திரும்பிவிடலாம் என்று ஏற்பாடு செய்தவர்கள் சொன்னதை அப்படியே நம்பினேன். விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி. சாலை வழியாக ஏறக்குறைய 300 கிலோமீட்டர், போக நான்கு மணி நேரத்துக்கு மேல், வரவும் அவ்வளவே. முதலில் கர்னாக் கோயில், பிறகு சாப்பாடு, பிறகு யாரும் கேட்காத ஒரு கல்சிற்பக் கடை. பழைய எகிப்து மன்னர்களின் கல்லறைகள் குடையப்பட்ட அரசர்களின் பள்ளத்தாக்கில் இறங்கும்போது பகல் ஒன்றரை மணி. ஜூன் மாதம். சுற்றிலும் வெளிறிய சுண்ணாம்புக்கல் மலை. வெயில் தலைக்கு மேலிருந்தும் அடித்தது, தரையிலிருந்தும் அடித்தது. இரண்டாவது கல்லறையின் வாசலில் அம்மா நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "நீ போய்ப் பாத்துட்டு வாப்பா, நான் இங்கயே இருக்கேன்" என்றார். அவருக்காகவே போட்ட பயணம் அது. இன்றும் நினைத்தால் மனம் கனக்கிறது.

ஆகவே முதலில் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கெய்ரோ வடக்கே இருக்கிறது. லக்சர் அங்கிருந்து ஏறக்குறைய 650 கிலோமீட்டர் தெற்கே. அஸ்வான் அதற்கும் தெற்கே 200 கிலோமீட்டருக்கு மேல். இரண்டாம் ராம்செஸ் மன்னனின் பிரம்மாண்ட சிலைகள் உள்ள அபு சிம்பெல் அஸ்வானிலிருந்து இன்னும் 280 கிலோமீட்டர் போல. ஷார்ம் எல் ஷேக்கோ செங்கடலுக்கு அந்தப் பக்கம், சினாய் தீபகற்பத்தின் முனையில் இருக்கிறது. ஹுர்காதாவும் ஷார்மும் கடற்கரை ஊர்கள்தானே, எதில் தங்கினால் என்ன என்று நினைப்பது பெரிய பிழை. கோயில்களும் பார்க்க வேண்டும் என்றால் ஹுர்காதா பக்கம். ஷார்மிலிருந்து லக்சருக்குச் சாலையில் ஒரு நாளில் போய்வரவே முடியாது. சினாய் மலையும் புனித கத்தரீன் மடாலயமும் ராஸ் முகமது கடல் பூங்காவும் போதும் என்பவர்களுக்கு ஷார்ம் சரி.

விசாவிலும் இதே குழப்பம் உண்டு. சில நாட்டவர்களுக்கு ஷார்மில் இறங்கியதும் கட்டணம் இல்லாமல் 15 நாள் முத்திரை ஒன்று குத்துகிறார்கள். அது சினாயின் கடற்கரை ஊர்களுக்கு மட்டும்தான் செல்லும். அதை வைத்துக்கொண்டு கெய்ரோ போக முடியாது. மற்ற நாட்டுக்காரர்கள் எழுதும் விசா அனுபவங்களை நம்பி விமானச் சீட்டு எடுக்காதீர்கள். உங்கள் கடவுச்சீட்டுக்கு என்ன விதி என்று எகிப்துத் தூதரகத்திடமே முதலில் கேட்டுவிடுங்கள்.

லக்சருக்குக் குறைந்தது இரண்டு இரவு, முடிந்தால் மூன்று. நைலின் கிழக்குக் கரையில் கர்னாக்கும் லக்சர் கோயிலும். மேற்குக் கரையில் கல்லறைகள். எல்லாரும் கிழக்கே விடுதி எடுக்கிறார்கள். இரண்டாம் முறை நான் மேற்குக் கரையில் தங்கினேன். காலை ஆறு மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கின் வாசலில் நிற்க முடிந்தது. ஹுர்காதாவிலிருந்து பேருந்துகள் வந்து சேர்வதற்குள் நான் பார்த்து முடித்துவிட்டேன். நவம்பர் மாதம் என்பதால் வெயிலும் இதமாக இருந்தது. தென்பகுதிக்கு அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம். கோடையில் அங்கே 40 டிகிரியைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி.

பள்ளத்தாக்கில் பொதுச் சீட்டு ஒன்றுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். துட்டன்காமன், முதலாம் சேத்தி, ஆறாம் ராம்செஸ் கல்லறைகளுக்குத் தனிச் சீட்டு. பெயர் தெரிந்திருப்பதால் எல்லாரும் துட்டன்காமனுக்குப் பணம் கட்டுகிறார்கள். 1922இல் அகழாய்வாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த அந்த அறை மிகச் சிறியது. மம்மி அங்கேயே இருக்கிறது. தங்கப் பொருள்கள் எல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் ஆறாம் ராம்செஸுக்குப் போங்கள். வான தேவதை நூத் மாலையில் சூரியனை விழுங்கிக் காலையில் ஈன்றெடுக்கும் காட்சி கூரை நெடுக வரையப்பட்டிருக்கிறது. கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரைத் தொடாதீர்கள். நம் மூச்சின் ஈரமே அந்த வண்ணங்களுக்குக் கேடு. விரலின் எண்ணெய்ப் பசை இன்னும் கேடு.

அவசரப் பயணத்தில் விட்டுப்போவது தெய்ர் எல் மதீனா. இந்தக் கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய கைவினைஞர்களின் குடியிருப்பு அது. மூன்றாம் ராம்செஸ் காலத்தில் கூலியாகத் தர வேண்டிய தானியம் வந்து சேராததால் இவர்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதைத்தான். அரசனுக்காக ஆயுள் முழுக்கக் குடைந்தவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சிறு கல்லறைகளும் அங்கே இருக்கின்றன. வண்ணம் நேற்று தீட்டியதுபோல் இருக்கும், கூட்டமும் குறைவு.

இனி கெய்ரோ. அதை ஒட்டியுள்ள கீஸாவின் பெரிய பிரமிடுக்கு உள்ளே போகத் தனிச் சீட்டு வாங்குபவர்கள் ஓவியங்களை எதிர்பார்த்துப் போகிறார்கள். உள்ளே ஓவியம் கிடையாது. குனிந்தபடி ஏற வேண்டிய குறுகிய, புழுக்கமான சரிவு. மேலே வெறும் கருங்கல் அறை, ஒரு கல்பெட்டி. முழங்கால் வலி உள்ளவர்களும் மூச்சுத்திணறல் உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது. சித்திரமும் எழுத்தும் வேண்டும் என்பவர்கள் தெற்கே சக்காராவுக்குப் போக வேண்டும். அங்கேதான் ஜோசர் மன்னனுக்கு இம்ஹோதெப் கட்டிய படிக்கட்டுப் பிரமிடு இருக்கிறது. அதற்கும் தெற்கே தாஷூரில் ஸ்நேஃப்ரு மன்னன் ஒன்றைக் கட்டும்போது பாதியில் சரிவை மாற்ற வேண்டியதாகி அது வளைந்துபோனது. அடுத்து அவன் கட்டிய சிவப்புப் பிரமிடு ஒழுங்காக எழுந்தது. அவன் மகன் கூஃபுதான் கீஸாவில் 146 மீட்டருக்கு எழுப்பியவன். சக்காரா, தாஷூர், கீஸா என்ற வரிசையில் பார்த்தால் சில தலைமுறைக்குள் கொத்தர்கள் கற்றுக்கொண்ட பாடம் கண்ணெதிரே விரியும். கீஸாவை மட்டும் இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது கிடைப்பதில்லை.

கீஸாவில் ஒட்டகத்தில் ஏற்றிவிட ஒரு விலை, இறக்கிவிட இன்னொரு விலை. எல்லாம் சேர்த்து எவ்வளவு என்பதை ஏறும் முன்பே முடிவாகப் பேசிவிடுங்கள். வாசல் இன்று மூடியிருக்கிறது, வேறு வழி காட்டுகிறேன் என்று தெருவில் யாராவது சொன்னால் நம்பாமல் நேராகச் சீட்டு வாங்கும் இடத்துக்கே நடங்கள். உடம்பில் புண் உள்ள விலங்கின் மேல் ஏறவே வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

பழைய வழிகாட்டி நூல்கள் அருங்காட்சியக விஷயத்தில் இப்போது தவறாகவே வழிகாட்டும். துட்டன்காமனின் தங்க முகமூடியைத் தேடி கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்திலுள்ள பழைய அருங்காட்சியகத்துக்குப் போகாதீர்கள். 2025 நவம்பர் 1 அன்று முறைப்படி திறக்கப்பட்ட, கீஸாவுக்கு அருகிலுள்ள பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. அரச மம்மிகளோ 2021 ஏப்ரலில் ஊர்வலமாகக் கொண்டுபோகப்பட்டு ஃபுஸ்தாத் பகுதியிலுள்ள தேசிய நாகரிக அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால் ஒன்றும் மனதில் நிற்காது.

பண விஷயத்திலும் பழைய பதிவுகளை நம்ப முடியாது. 2024 மார்ச்சில் எகிப்து பவுண்டின் மதிப்பு ஒரே நாளில் பெருமளவு சரிந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட விலைகள் எதுவும் இன்று பொருந்தாது. முக்கியமான இடங்கள் பலவற்றில் நுழைவுச்சீட்டுக்கு ரொக்கம் வாங்குவதில்லை, அட்டைதான். ஆனாலும் பையில் சில்லறை நோட்டுகள் வேண்டும். பெட்டி தூக்குபவர், கழிப்பறையில் காகிதம் தருபவர் என்று சின்ன உதவிகளுக்கெல்லாம் பக்சீஷ் கொடுப்பது அங்கே வழக்கம். பலருடைய வருமானம் அதை நம்பியே இருக்கிறது. முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

மருந்துப் பெட்டியை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். இது விளையாட்டில்லை. டிரமடால் என்ற வலிநிவாரணி எகிப்தில் கடும் கட்டுப்பாட்டில் உள்ளது. அதை ஹுர்காதாவுக்குக் கொண்டுபோன பிரிட்டன் பெண் ஒருவருக்கு 2017இல் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. துபாய் வழியாகப் போகிறவர்கள் சமையல் பொடிகளில் கசகசா இருக்கிறதா என்றும் பாருங்கள். அமீரகத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். டிரோனையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

சைவர்கள் பொடி, ஊறுகாய் என்று பெட்டியை நிரப்பத் தேவையே இல்லை. அரிசி, மசூர் பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மொறுமொறுவென்று பொரித்த வெங்காயம், மேலே தக்காளிச் சாறு என்று கலந்து தரும் கொஷாரி தெருவுக்குத் தெரு கிடைக்கும். தாமியா நம் பருப்பு வடைக்கு உறவு.

கடலில் செய்யும் தவறுகளில் உயிருக்கு ஆபத்தானது ஒன்று உண்டு. ஆழ்கடல் மூழ்கலைக் கடைசி நாளில் வைத்துக்கொள்வது. பலமுறை மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாக மாறித் தாக்கும். லக்சரில் பலூன் ஏறுவதையும் அதற்கேற்பத் தள்ளிவையுங்கள். பவளத்தின் மேல் நடக்காதீர்கள். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளரும் வகைகள் அவற்றில் இருக்கின்றன; கல்லைப்போல் கிடக்கும் கல்மீனின் முள்ளில் கடும் விஷமும் உண்டு.

ஹுர்காதாவிலிருந்து தெற்கே மார்சா ஆலம் போகும் சாலையில் குசைர் என்றொரு பழைய துறைமுக ஊர் வரும். வண்டிகள் நிற்காமல் போய்விடும்; நீங்கள் நிற்கச் சொல்லுங்கள். ஊருக்குச் சற்று வடக்கே குசைர் அல் கதீம் என்ற மேட்டில் நடந்த அகழாய்வில் தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. ஒன்றில் கணன், மற்றொன்றில் சாதன் என்று பெயர்கள். இன்னொன்றில் 'பானை ஒறி' என்று இருப்பதாகக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். உறியில் தொங்கும் பானை. அந்த மேட்டில் இப்போது பார்ப்பதற்கு மணலும் உடைந்த ஓடுகளும்தான். ஊருக்குள் ஒட்டோமான் காலக் கோட்டை ஒன்று இருக்கிறது. ஏறி நின்றால், அந்தப் பானை வந்த கடல் தெரியும்.