ஒரு நோ டிரம்புக்குப் பிறகு டிரான்ஸ்ஃபர்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் கூட்டாளி 15–17 புள்ளியோடு (பெரிய சீட்டுகளின் மதிப்பைக் கூட்டியது) ஒரு நோ டிரம்ப், அதாவது துருப்பு இல்லாத ஆட்டம், என்று ஏலத்தைத் திறக்கிறார். உங்களிடம் ஐந்து ஹார்ட். நேராக ஹார்ட் கேட்காதீர்கள். ஏல வரிசையில் ஒரு படி கீழே, இரண்டு டைமண்ட் சொல்லுங்கள். இதுதான் டிரான்ஸ்ஃபர். அவர் இரண்டு ஹார்ட் சொல்வார். ஐந்து ஸ்பேட் என்றால் நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டு ஹார்ட்.

லாபம் எங்கே? ஹார்ட்டை முதலில் சொன்னவர் கூட்டாளி என்பதால் ஆட்டத்தை ஆடுவது அவர்; மேசையில் விரிவது உங்கள் சீட்டு. அவருடைய பலமான கை மறைந்தே இருக்கும். அதில் கிளப் ஏஸும் ராணியும் இருக்கின்றன என்று வையுங்கள். அவருக்கு இடப்பக்கத்து ஆட்டக்காரர் முதல் சீட்டாகக் கிளப் இறக்கினால், ராஜா யாரிடம் இருந்தாலும் இரண்டு பிடி (ஒரு சுற்றுச் சீட்டுகளை வெல்வது ஒரு பிடி) உறுதி. அதே கை மேசையில் விரிந்து கிடந்தால், பின்னால் இருப்பவரின் ராஜா ஒரு பிடியைக் கொண்டுபோய்விடலாம்.

அப்புறம் உங்கள் புள்ளிகளைப் பாருங்கள். 8–9 என்றால் இரண்டு நோ டிரம்ப். 10 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்று நோ டிரம்ப். மூன்று ஹார்ட் உள்ள கூட்டாளி நான்கு ஹார்ட்டுக்கு மாற்றிக்கொள்வார்.

புள்ளியே இல்லாத கையோடு பலர் பயந்து முதலிலேயே பாஸ் சொல்லிவிடுகிறார்கள். டிரான்ஸ்ஃபர் மிகவும் உதவுவது அங்கேதான். நோ டிரம்பில் அந்த ஹார்ட்டுகள் வீணாகும். துருப்பானால் சின்னச் சீட்டும் பிடி எடுக்கும். டிரான்ஸ்ஃபர் செய்துவிட்டு, அடுத்த சுற்றில் பாஸ் சொல்லுங்கள்.

எதிரணி நடுவில் ஏலம் கேட்டால் டிரான்ஸ்ஃபர் உண்டா இல்லையா என்பதை மட்டும் ஆட்டத்துக்கு முன்பே கூட்டாளியோடு பேசி வையுங்கள்.