அனுப்பும் முன் ஓர் இரவு: ஃப்ரீலான்ஸ் கட்டுரையைத் திருத்தும் முறை

ஒரு கட்டுரைக்கு ஐந்து நாள் கெடு கிடைத்தால், எழுதி முடிக்க வேண்டிய நாள் மூன்றாவது நாள் என்று நாமே வகுத்துக்கொள்வது நல்லது. எழுதிய கையோடு படிக்கும்போது, திரையில் உள்ளதை விட்டுவிட்டு மனத்தில் உள்ளதையே கண் படிக்கிறது. விடுபட்ட சொல்லைக்கூடத் தானாக நிரப்பிக்கொள்கிறது. ஆகவே, முதல் படியாகக் கட்டுரையை ஓர் இரவாவது திறக்காமல் வைத்திருங்கள். அன்றே அனுப்ப வேண்டியிருந்தால், இரண்டு மணி நேர இடைவெளியாவது தேவை.

இரண்டாம் படியில், ஆசிரியர் கேட்டிருந்ததை மறுபடி படித்துவிட்டு, எதையும் மாற்றாமல் கட்டுரையை முழுவதுமாக வாசியுங்கள். உண்மையான தொடக்கம் பல நேரங்களில் இரண்டாவது அல்லது மூன்றாவது பத்தியில்தான் இருக்கும். அப்படியானால் அதற்கு முன்னுள்ளவற்றைத் தயங்காமல் நீக்கலாம். நீக்கப்போகும் பத்தியில் ஒற்றுப்பிழை பார்ப்பது வீண் உழைப்பு என்பதால், இந்த வாசிப்பு முதலில் வர வேண்டும்.

அடுத்து, பெயர், ஆண்டு, எண் ஆகியவற்றை உங்கள் குறிப்பேட்டுடன் ஒப்பிடுவதோடு நிற்காமல், தகவல் கிடைத்த மூலத்துடனேயே ஒப்பிடுங்கள், குறிப்பெடுக்கும்போதே தவறியிருக்கலாம். பிறமொழிப் பெயர் ஒன்று இரு இடங்களில் இருவேறு விதமாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதைத் தேடல் வசதியால் கண்டுபிடிக்கலாம்.

நான்காவதாக, வாய்விட்டுப் படியுங்கள். அவசரத்தில் பலரும் கைவிடுவது இதைத்தான். எனக்கோ இதுவே தலையாயதாகத் தோன்றுகிறது. தமிழில் எழுவாய் தொடக்கத்திலும் வினைமுற்று இறுதியிலும் நிற்பதால், நீண்ட வாக்கியத்தில் இரண்டும் எளிதில் முரண்பட்டுவிடுகின்றன. ‘விலை, கடந்த சில மாதங்களில் பல காரணங்களால் உயர்ந்துள்ளன’ என்பதைக் கண் கடந்துவிடும், காது பிடித்துவிடும். ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்பதும் அப்படியே. ‘ஒவ்வொரு மாணவரும்’ என்பதே சரி. ஒரே மூச்சில் படிக்க முடியாத வாக்கியத்தை இரண்டாகப் பிரியுங்கள்.

எழுத்துப்பிழைகளைக் கடைசியாகப் பாருங்கள். ‘கட்டுரையைத் திருத்தி’, ‘அந்தப் பத்தி’ என வல்லினம் மிகும் இடங்களையும், ல, ள, ழ மயக்கத்தையும் தனித்தனிச் சுற்றாகக் கவனித்தால் குறைவாகவே தப்பும்.

அனுப்புவதற்குச் சற்று முன், நீங்கள் மாற்றிய வாக்கியங்களை மட்டும் இன்னொரு முறை முழுமையாகப் படியுங்கள். எழுவாயை மாற்றிய கை, பழைய வினைமுற்றை அப்படியே விட்டிருக்கக்கூடும்.