குருதிச் சிறுதட்டுகளை முதுமையாக்கும் தவறுகள்

எங்கள் இரத்த வங்கிக்கு வரும் பயிலுநர்கள், சிறுதட்டுகளை (platelets), அதாவது குருதியை உறையச்செய்யும் நுண்ணிய கலத்துண்டுகளை, கையாள்வதில் 19 ஆண்டுகளுக்கு முன்னர் நான் செய்த அதே பிழைகளை அதே நம்பிக்கையோடு செய்வதைப் பார்த்தே இதை எழுதுகிறேன். பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டுவது போன்றவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை. அவற்றுக்கு மேற்பார்வையாளரின் ஏச்சே போதும்.

வயதை நாட்களால் மட்டும் கணித்தல்

உடலில் ஒரு சிறுதட்டு 7 முதல் 10 நாட்கள் வரை வாழ்கிறது. அதன் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியைச் சியாலிக் அமிலம் மூடியிருக்கும். நாட்செல்ல அது கழன்று, அடியிலுள்ள கலக்டோஸ் வெளித்தெரியும். ஈரற் கலங்களிலுள்ள அஷ்வெல்-மோரல் வாங்கி (receptor) என்னும் புரதம் அதை இனங்கண்டு சிறுதட்டை அகற்றுகிறது. ஆகவே ஈரல் பார்ப்பது நாட்காட்டியை அன்று, மேற்பரப்பை.

நமது அறையை ‘அறை வெப்பநிலை’ என நம்புதல்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். பாடத்தில் வரும் அறை வெப்பநிலை என்பது 20 முதல் 24 பாகை செல்சியஸ். கொழும்பில் அதற்காக அறையைக் குளிர்விக்க வேண்டும். ஆண்டுச் சராசரியே 16 பாகையை ஒட்டியிருக்கும் எங்கள் நுவரெலியாவில் அறையைச் சூடாக்க வேண்டும். என் முதல் தை மாதத்தில், வார்டிலிருந்து அழைப்பு வரும்வரைதானே என்று நான்கு சிறுதட்டுப் பைகளை யன்னலோர மேசையில் வைத்துவிட்டு மறந்துபோனேன். விடிந்ததும் ஒரு பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லத் திருப்பியபோது, தட்டு வடிவம் கெடாத சிறுதட்டுகள் காட்டும் புகைச்சுருள் போன்ற மினுமினுப்பு இல்லை. மங்கிய மஞ்சள்தான் இருந்தது. உள்ளங்கைகளுக்கிடையே வைத்துச் சூடாக்கிப் பார்த்தும் அது திரும்பவில்லை. நான்கு பைகளையும் அகற்றினோம். குருதி கொடுத்தவர்களில் ஒருவர், அரைப் பேரோடு (அரைநாட் சம்பளத்தோடு) வேலையை விட்டுவிட்டு மலையிறங்கி வந்த தோட்டத் தொழிலாளி.

குளிரில் சிறுதட்டு உருண்டையாகிறது. மேற்பரப்பு வாங்கிகள் கொத்தாகச் சேர, ஈரலிலுள்ள விழுங்கற் கலங்கள் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. குளிர் நீடித்தால் கலக்டோஸும் வெளித்தெரியத் தொடங்குகிறது. நேற்றுச் சேகரித்தது இன்று கிழமாகிவிடுகிறது. கடுமையான குருதிப்பெருக்கை உடனடியாக நிறுத்துவதற்கென்று வேண்டுமென்றே குளிரூட்டிய சிறுதட்டுகளைப் பயன்படுத்தும் நாடுகளும் உண்டு. ஆனால், நாட்கணக்கில் அவை சுற்றிவர வேண்டிய குருதிப் புற்றுநோயாளிக்கு அது பொருந்தாது. இவ்வளவும் சொல்லிக்கொடுத்த பின்னரும், 2 முதல் 6 பாகையில் வைக்கும் செங்குருதிப் பைகளின் பழக்கத்தில், கண்டியிலிருந்து றம்பொடை வழியாக வரும் சிறுதட்டுப் பெட்டிக்குள்ளும் பனிக்கட்டிப் பொதியைச் செருகுகிறார்களே!

அசைப்பியை நிறுத்துதல்

பைகளை இடைவிடாது ஆட்டும் அசைப்பியை இரைச்சல் என்று இரவில் அணைக்காதீர்கள். அசையாத பையில் ஒட்சிசன் போதாமல் குளுக்கோஸ் இலற்றிக் அமிலமாகிறது, அமிலத்தன்மை கூடக் குறையும் பீ.எச். பெறுமானம் 6.2 இற்குக் கீழே இறங்கிய பையைக் காப்பாற்ற வழியில்லை.

ஈ.டி.டி.ஏ. குழாயை மாலைவரை வைத்தல்

பரிசோதனைக் குருதி உறையாதிருக்க ஈ.டி.டி.ஏ. என்னும் வேதிப்பொருள் இட்ட குழாய் இது. சிறுதட்டுகள் அதற்குள் வீங்கிவிடும். அந்தப் பருமனைப் பார்த்து, பெரியது இளையது என்று அவற்றின் வயதைச் சொல்லாதீர்கள்.