ராயல் ரம்பிள் வரலாறு சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயல் ரம்பிள் என்பது WWE மல்யுத்த நிறுவனத்தின் ஆண்டு நிகழ்ச்சி; வீரர்கள் ஒவ்வொருவராக ரிங்குக்குள் வந்து, கடைசிவரை வெளியேறாமல் நிற்பவர் ஜெயிக்கும் அதன் முக்கியப் போட்டிக்கும் அதே பெயர்தான். அதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் இன்றைய விதிகளை அப்படியே பழைய ஆண்டுகளுக்கும் மாட்டிவிடுகிறார்கள். "1988-இல் முதல் பே-பர்-வியூ, 30 பேர், ஜெயித்தவருக்கு ரெஸில்மேனியாவில் பட்டத்துக்கான போட்டி" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். (பே-பர்-வியூ என்றால் தனிக் காசு கட்டிப் பார்க்கும் ஒளிபரப்பு; ரெஸில்மேனியா அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சி.) மூன்றுமே தவறு.

1988 ஜனவரி 24 அன்று கனடாவின் ஹாமில்டனில் நடந்த முதல் ரம்பிள் பே-பர்-வியூவே இல்லை. தனிக் கட்டணம் எதுவும் இல்லாமல் யுஎஸ்ஏ நெட்வொர்க் கேபிள் சேனலில் வந்தது. அதே இரவில் ஜிம் கிராக்கெட்டின் போட்டி நிறுவனம் 'பங்க்ஹவுஸ் ஸ்டாம்பீட்' நிகழ்ச்சியைக் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தது. அதன் கூட்டத்தை இழுக்கத்தான் ரம்பிளை நடத்திய நிறுவனத்தின் முதலாளி வின்ஸ் மக்மேன் இதைச் சும்மா காட்டினார். ரம்பிள் என்ற யோசனை, அவரிடம் வேலை பார்த்த முன்னாள் வீரர் பேட் பேட்டர்சனுடையது. இறங்கியது 20 பேர். வென்றவர் ஹேக்ஸா ஜிம் டக்கன். அன்றைய கடைசிப் போட்டிகூட ரம்பிள் இல்லை, இரண்டிரண்டு பேராக அணி சேர்ந்து மோதும் ஒரு டேக் டீம் ஆட்டம்! 30 பேரும் பே-பர்-வியூவும் 1989-இல், ஹூஸ்டனில்தான் வந்தன.

ரெஸில்மேனியா வாய்ப்பு என்பது 1993-இல் யோகோசுனா ஜெயித்தபோது தொடங்கிய வழக்கம். அதற்கு முந்தைய ஆண்டு இன்னும் பெரிய பரிசு இருந்தது. சாம்பியன் பட்டம் காலியாகிவிட, ரம்பிளில் ஜெயிப்பவருக்கே பெல்ட் என்று அறிவித்தார்கள். மூன்றாவது ஆளாக ரிங்குக்குள் இறங்கிய ரிக் ஃபிளேர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தார். கடைசியில் நடந்ததைக் கவனித்துப் பாருங்கள்: ஏற்கெனவே வெளியேற்றப்பட்ட ஹல்க் ஹோகன் கீழே நின்றபடி சிட் ஜஸ்டிஸின் கையைப் பிடித்து இழுக்கிறார், ஃபிளேர் பின்னால் வந்து சிட்டைத் தூக்கிப் போடுகிறார். "ஃபிளேர் ஹோகனை வீழ்த்திப் பட்டம் வென்றார்" என்று எழுதினால் அந்த முடிவின் அழகே போய்விடும்.

அடுத்தது வெளியேறும் விதி. மேல் கயிற்றைத் தாண்டி விழுந்து, இரண்டு பாதமும் தரையில் பட்டால்தான் அவுட். 1995-இல் முதல் ஆளாக வந்த ஷான் மைக்கேல்ஸ் கயிற்றில் தொங்கியபோது ஒரு பாதம் மட்டும் தரையைத் தொட்டது. அவரோடு கடைசியாக மிஞ்சியிருந்த பிரிட்டிஷ் புல்டாக் ஜெயித்துவிட்டதாக நினைத்து, புல்டாக்கின் இசையையே போட்டுவிட்டார்கள். அவர் கொண்டாடிக்கொண்டிருக்க, மைக்கேல்ஸ் திரும்ப ஏறி வந்து பின்னாலிருந்து தள்ளிவிட்டார். இதை ஏமாற்று வெற்றி என்று சொல்வது நியாயமில்லை. விதிப்படி சரியான வெற்றி.

நம் ஊரில் அதிகம் கேட்பது, இந்திய வீரர் "கிரேட் காளி ராயல் ரம்பிள் ஜெயித்தார்" என்பது. 2007 ஜூலையில் WWE-இன் வாராந்திர டிவி நிகழ்ச்சியான ஸ்மாக்டவுனில் அவர் வென்றது 20 பேர் மோதிய பேட்டில் ராயல். அதில் எல்லோரும் தொடக்கத்திலேயே ரிங்குக்குள் நிற்பார்கள். ரம்பிளில் இருவரோடு தொடங்கி, குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொருவராக வருவார்கள். அதே ஆண்டு ஜனவரியில் ரம்பிளில் காளியும் இறங்கினார். அவரை வெளியேற்றியவர் அண்டர்டேக்கர். அன்று ஜெயித்தவரும் அவர்தான். 30-ஆம் எண்ணில் வந்து ஒருவர் வென்றது அதுதான் முதல்முறை. ஆகவே கடைசி எண் கிடைத்தவரே எப்போதும் ஜெயிப்பார் என்ற பேச்சையும் விட்டுவிடலாம்.

அப்புறம், பெண்களுக்கான தனி ரம்பிள் 2018-இல் தொடங்கியது, அசுகா வென்றார் என்பது சரி. ஆனால் ரம்பிளில் இறங்கிய முதல் பெண் சைனா. 1999-லேயே ஆண்களின் போட்டிக்குள் நுழைந்து, மார்க் ஹென்றியை வெளியே தூக்கிப் போட்டவர் அவர்.